கடிந்துரையும் கண்ணோட்டமும்: குன்றத்தூர், திருநின்றவூர், திருமுல்லைவாயில் சார்ந்த சைவ மரபுக் காட்சிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பணியிடத்தில் ஒருவரது குறையை அவரிடமே எடுத்துரைப்பது எவ்வாறு என்னும் வினா இன்று மேலாண்மைத் துறைக்கு உரியதாகக் கருதப்படுகிறது. தமிழ் மரபிலிருந்து இதற்கு விடை தேடுவோர் பெரும்பாலும் திருக்குறளின் ‘இனியவை கூறல்’ அதிகாரத்தோடு நின்றுவிடுகின்றனர். கடிந்துரைக்கும் சொல்லைப் பற்றித் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் இதனினும் விரிவாகச் சிந்தித்துள்ளன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியோடு தொடர்புடைய மூன்று சைவ மரபுக் காட்சிகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. கண்ணோட்டம் என்பது சொல்லின் மென்மையில் அன்று, சொல்லுக்குப்பின் சொன்னவர் செய்யும் செயலில் உள்ளது என்பதும், அவ்விடத்து இல்லாத மூன்றாமவருக்கு அச்சொல் இழைக்கும் நன்மை தீமையும் அதன் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வாயுறை வாழ்த்து, செவியுறை, கண்ணோட்டம், சேக்கிழார், பூசலார், சுந்தரர், பணியிட உரையாடல்.

முன்னுரை

1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது; 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. இவற்றுக்குப்பின் சென்னையின் மேற்குப் புறநகர் தமிழகத்தின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்றாயிற்று. மேற்பார்வையாளர், தொழிலாளர், பயிற்சியாளர், மேலாளர் எனப் படிநிலைப்பட்ட உறவுகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இங்குப் பணியாற்றுகின்றனர். ‘உன் பணி போதுமானதாக இல்லை’, ‘இம்முடிவு தவறானது’ என்பன போன்ற சொற்கள் இவ்வுறவுகளில் தவிர்க்க இயலாதவை. அவற்றைச் சொல்லாது விடின் பணி கெடும். சொல்லும் முறை பிழைப்பின் மனிதர் கெடுவர். பின்னூட்டம் என்று இன்று சுட்டப்படும் இச்சொல்லாடலின் இடர்ப்பாடு இதுவே.

இதே நிலப்பரப்பு தமிழ் இலக்கிய வரலாற்றிலும் இடம்பெற்றது. பூந்தமல்லிக்குத் தெற்கே அமைந்த குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். ஆவடியை அடுத்த திருநின்றவூர் பூசலார் நாயனாரின் ஊர். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள வடதிருமுல்லைவாயில் சுந்தரர் பதிகம் பெற்ற தலம். இம்மூன்று ஊர்களோடும் தொடர்புடைய கதைகள் ஒவ்வொன்றிலும், தலைமைக்கும் தொண்டுக்கும் இடையில் ஒரு கடினமான உரையாடல் நிகழ்கிறது. அவ்வுரையாடல்களை ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். பக்தி இலக்கியத்தை மேலாண்மைக் கையேடாக மாற்றுவது இதன் நோக்கமன்று. அவ்வாறு மாற்றும்போது எது விடுபட்டுப் போகிறது என்பதைச் சுட்டுவதும் இதன் பகுதியாகும்.

கடிந்துரைக்கான இலக்கண அடிப்படை

தொல்காப்பியச் செய்யுளியல் வாயுறை வாழ்த்து, செவியுறை என்னும் இரண்டை வரையறுக்கிறது. வாயுறை வாழ்த்தை விளக்கும் நூற்பா வேம்பையும் கடுவையும் உவமையாகக் காட்டுகிறது. உண்ணும்போது கைத்துப் பின்னர்ப் பயன் தரும் மருந்தைப் போன்றது அச்சொல். ஈண்டுக் கருதத்தக்க செய்தி இரண்டு. முதலாவது, கசக்கும் சொல்லை இலக்கணம் ‘வாழ்த்து’ என்னும் வகையுள் அடக்குகிறது. வசையாகவோ தண்டனையாகவோ அதனைக் கொள்ளவில்லை. இரண்டாவது, அச்சொல்லை ஓம்படைக் கிளவியோடு, அதாவது கேட்பவரைக் காக்கும் நோக்குடைய சொல்லோடு, நூற்பா இணைத்துக் கூறுகிறது. காக்கும் நோக்கம் இல்லாத கசப்பு, வாயுறை ஆகாது. செவியுறையோ பெரியோர் நடுவே பொங்குதலின்றி அடங்கி ஒழுகுதல் கடன் என அறிவுறுத்துவது.

திருக்குறள் இச்சிந்தனையை ஆட்சியியலுக்குக் கொண்டு செல்கிறது. அரசன் ஏற்றுக்கொள்ளாவிடினும் உறுதியானதைச் சொல்லுதல் உடனிருக்கும் அமைச்சனின் கடமை என அமைச்சு அதிகாரம் கூறுகிறது. செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ் உலகு தங்கும் என்பது இறைமாட்சி. இடித்துரைப்பாரைத் துணைக்கொள்ளாத மன்னன் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்பது பெரியாரைத் துணைக்கோடல். மேலிருந்து கீழ்நோக்கிய சொல்லையும் குறள் விட்டுவிடவில்லை. தண்டிக்கத் தொடங்கும்போது கடுமை தோன்றவும், தண்டிக்கும்போது மென்மை அமையவும் வேண்டும் என்று வெருவந்த செய்யாமை அதிகாரம் கூறுகிறது. எனினும் எடுத்துக்காட்டிய நான்கனுள் மூன்று, கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் சொல்லைப் பற்றியனவும் அதனைக் கேட்கும் செவியைப் பற்றியனவுமே ஆகும்.

இன்றைய தலைமைத்துவப் பயிற்சிகள் மேலாளர் எவ்வாறு பேச வேண்டும் என்பதில் மிகுதியும் கவனம் செலுத்துகின்றன. குறளோ தலைமையின் பரிவை அதன் வாயில் மட்டுமன்றிச் செவியிலும் வைக்கிறது. இவ்வேறுபாடு சிறியதன்று. இன்சொல் பேசும் மேலாளர் ஒருவர், தமக்கு எதிராகச் சொல்லப்படும் சொல்லைக் கேட்க மறுப்பின், குறளின் அளவுகோலில் அவர் தலைமைப் பண்பு நிரம்பியவர் ஆகார்.

கண்ணோட்டம் என்னும் சொல்லும் கூர்ந்து நோக்கத்தக்கது. பழகியவர் கூறுவதை மறுக்க இயலாத இயல்பாகப் பரிமேலழகர் இதனை விளக்குவார். மறுக்க இயலாமையே கண்ணோட்டமாயின், நேர்மையான மதிப்பீட்டுக்கு அது தடையாகும் அன்றோ என்னும் வினா உடனே எழுகிறது. வள்ளுவர் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்திருந்தார். தம் கருமம் சிதையாமல் கண்ணோட வல்லவர்க்கே உலகு உரியது என்று அதே அதிகாரத்தில் அவர் வரையறை இடுகிறார். கருமமும் கண்ணோட்டமும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. இரண்டையும் ஒருங்கே காக்கும் ஆற்றலே அரிது. இந்த அளவுகோலைக் கொண்டு மூன்று காட்சிகளையும் அணுகலாம்.

குன்றத்தூர்: அமைச்சர் அரசனைத் திருத்துதல்

முதற் காட்சி பெரியபுராணத்துள் இடம்பெறுவதன்று; அந்நூல் தோன்றிய வரலாற்றைக் கூறும் திருத்தொண்டர் புராண வரலாற்றில் வருவது. இந்நூல் உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்குகிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர்; உமாபதி சிவமோ 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர். எனவே இதனை நிகழ்ச்சிப் பதிவாகக் கொள்வதினும், நேர்மையான அமைச்சர் எவ்வாறு பேசியிருப்பார் என்று சைவ மரபு எண்ணிப் பார்த்ததன் வெளிப்பாடாகக் கொள்வதே பொருத்தமுடையது.

சோழ மன்னன் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டிருக்கிறான். அமைச்சரான சேக்கிழார், அந்நூல் இம்மைக்கும் மறுமைக்கும் பயன் தராது என்று அவனிடம் எடுத்துரைக்கிறார். நெல்லை விடுத்து உமியைக் குற்றுதல், கறவையை விடுத்து மலட்டுப் பசுவைக் கறத்தல் முதலான உவமைகளை நூல் அடுக்குகிறது. அரசனது சுவையையே குறை கூறும் சொல் இது; ஓர் அலுவலர் தம் தலைவரிடம் சொல்லத் தயங்கும் சொல்லுமாகும். அரசன் சினம் கொள்ளவில்லை. அவ்வாறாயின் பயனுள்ள கதை யாது, அதனைச் சொன்னவர் யார் என்று வினவுகிறான். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியையும் சேக்கிழார் எடுத்துரைக்கிறார். அவற்றை விரித்துப் பாடும் பொறுப்பு அவரையே சேர்கிறது.

இக்காட்சியின் அமைப்பு மூன்று படிகளைக் கொண்டது. குறை சுட்டப்படுகிறது, கேட்பவர் வினவுகிறார், சுட்டியவர் மாற்றைத் தருவதோடு அதனை ஆக்கும் உழைப்பையும் தாமே ஏற்கிறார். மூன்றாவது படியே முதற்படியின் கசப்பை வாழ்த்தாக மாற்றுகிறது. இது கூடாது என்று சொல்லி விலகுவது எளிது. அமைச்சர் பணியை விடுத்துத் தில்லை சென்று நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றுவது தம் விமர்சனத்துக்குத் தாமே விலை கொடுப்பதாகும். நூல் நிறைவுற்றபோது அரசன் அவரை யானைமேல் ஏற்றித் தானும் உடனமர்ந்து கவரி வீசினான் என்று மரபு கூறுகிறது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை முரசுகட்டிலில் துயின்ற மோசிகீரனாருக்கு விசிறிய புறநானூற்றுக் காட்சியை இது நினைவூட்டுகிறது. அங்கு அரசன் தண்டிக்க வேண்டிய பிழையைப் பொறுத்தான். இங்குத் தன்னைத் திருத்திய சொல்லைப் பொறுத்தான்.

இவ்வளவில் காட்சி நிறைவுடையதாகத் தோன்றும். ஆயினும் இதில் பேச்சு மறுக்கப்பட்ட ஒரு தரப்பு உண்டு. திருத்தக்கதேவரின் காப்பியமும் அதனைப் போற்றிய சமணரும் அவையில் இல்லாதபோதே அவர்மீது தீர்ப்பு வழங்கப்படுகிறது. அமைச்சர் அரசனிடம் பரிவோடும் துணிவோடும் பேசினார் என்பது மெய். அப்பேச்சு மூன்றாமவரை உமியாக்கியது என்பதும் மெய். நேர்மையான பின்னூட்டம் என்று போற்றப்படும் பல உரையாடல்களில், உடனில்லாத மற்றொருவரின் பணியைத் தாழ்த்துவதே இருவருக்கிடையிலான நெருக்கத்துக்கு அடிப்படையாகிவிடுவது உண்டு. இக்காட்சியைத் தலைமைத்துவத்துக்கு முன்மாதிரியாக மட்டும் காட்டும் வாசிப்பு இதனைக் காணத் தவறுகிறது.

இதற்கு மறுதலையான உரையாடல் ஒன்று பிற்காலத்தில் நிகழ்ந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், 1880இல் அவ்வூர் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததைத் தம் வரலாற்றில் விரிவாக எழுதியுள்ளார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கியபோது முதலியார் வியப்புக் காட்டவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டார். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றும் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கருக்கு அது கசந்த சொல்லே. ஆனால் முதலியார் அச்சொல்லோடு நிற்கவில்லை. நூலின் படியைத் தேடிக் கொடுத்தார்; உடனிருந்து பாடம் கேட்டார். ஐயர் அந்நூலின் சமயப் பொருளைக் கும்பகோணத்துச் சமணரிடம் கேட்டு அறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அமைச்சரின் சொல் அரசனை எந்நூலிலிருந்து விலக்கியதாக மரபு கூறியதோ, அந்நூலை நோக்கியே முன்சீபின் சொல் சைவ மரபில் பயின்ற புலவரைத் திருப்பியது. இரு உரையாடல்களின் வடிவமும் ஒன்றே: கசப்பு, வினா, உடனுழைப்பு. வேறுபாடு மூன்றாமவர் நிலையில் உள்ளது. முன்னதில் அவர் விலக்கப்பட்டார். பின்னதில் அவரே ஆசிரியரானார்.

திருநின்றவூர்: காணப்படாத உழைப்பும் காலம் தாழ்த்தலும்

பூசலார் நாயனார் புராணம் பெரியபுராணத்தின் சிறிய புராணங்களுள் ஒன்று. கோயில் கட்ட விரும்பிய பூசலார் பொருள் தேடி அலைந்தும் சிறிதும் கிடைக்கப் பெறவில்லை. எனவே மனத்துள்ளேயே பொருள் திரட்டி, தச்சரை அமர்த்தி, நாள் குறித்து, அடிநிலை முதல் சிகரம் வரை ஆகம முறைப்படி கோயிலை எழுப்பினார். அதே நாளில் காடவர் கோமான் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். இம்மன்னனைக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்ம பல்லவனாகக் கருதும் ஆய்வாளர் உளர். முந்தைய இரவில் இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூரில் அன்பன் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை புகுவதாகவும், அரசன் தன் செயலைப் பின்னர் வைத்துக்கொள்ளுமாறும் கூறினார்.

பெரும்பொருள் செலவிட்ட ஒருவரிடம் சொல்லப்படும் ஏமாற்றமான செய்தி இது. அதனைச் சொல்லும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. செய்தி அவையில் அறிவிக்கப்படவில்லை. உரியவனிடம் தனித்துச் சொல்லப்பட்டது. காரணம் மறைக்கப்படவில்லை. அரசனது கோயில் தாழ்த்தப்படவில்லை. அதன் நாள் மட்டுமே மாற்றப்பட்டது. அடுத்துச் செய்ய வேண்டுவது யாது என்பதும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. பூசலாரின் பணி உயர்ந்தது, நின் பணி இழிந்தது என்னும் ஒப்பீடு வெளிப்பட எங்கும் இல்லை. குறையைச் சொல்லும்போது ஆளை இழிவுபடுத்தாமல் செயலை மட்டும் வரையறுத்துப் பேசும் முறைக்கு இது தக்க சான்றாகும்.

அரசனின் எதிர்வினை இன்னும் சிறப்புடையது. அவன் ஏவலரை அனுப்பவில்லை. தானே நின்றவூருக்குச் சென்று பூசல் கட்டிய கோயில் எங்குள்ளது என்று வினவினான். ஊரார் அவ்வாறு ஒரு கோயில் இல்லை என்றனர். பூசலாரை நேரிற் கண்டு செய்தியைச் சொல்ல, அவர் தம் நினைவே கோயிலாயிற்று என்பதை அஞ்சி வியந்து வெளிப்படுத்தினார். அரசன் அவரைப் பணிந்தான். ஊரார் விடை பொய்யன்று; அவர்கள் கண்ணால் காணக்கூடியதை மட்டுமே அறிந்தவர். பணி மதிப்பீடுகள் பெரும்பாலும் ஊராரின் நிலையிலிருந்தே எழுதப்படுகின்றன. எண்ணக்கூடியதும் அளக்கக்கூடியதும் பதிவாகின்றன. வளமின்மையால் உருப்பெறாத உழைப்பு பதிவாவதில்லை. பூசலாரிடம் குறைந்தது முயற்சியன்று, பொருள். இவ்வேறுபாட்டை அறியாமல் வழங்கப்படும் பின்னூட்டம் எத்துணை இனிய சொல்லால் ஆனதாயினும் நேர்மையானதாகாது. நேர்மைக்கு முதற்படி நேரிற் சென்று வினவுதல் என்பதை அரசனின் பயணம் உணர்த்துகிறது.

திருமுல்லைவாயில்: தண்டனையும் ஊன்றுகோலும்

மூன்றாவது காட்சி இவ்விரண்டினும் சிக்கலானது. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரிவதில்லை என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்து மணந்த சுந்தரர், திருவாரூர் நினைவால் அச்சூளைக் கடந்தார். ஒற்றியூர் எல்லை நீங்கியதும் கண்பார்வை இழந்தார். அந்நிலையில் அவர் அடைந்த தலம் வடதிருமுல்லைவாயில். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடியால் பிணித்துப் பின் அவனுக்கு அருளிய இறைவனின் செயலைச் சுட்டும் அப்பதிகத்தில், சங்கிலியார் பொருட்டுத் தம் கண்ணைக் கொண்டதையும் சுந்தரர் வெளிப்படக் கூறுகிறார். படும் துயரைக் களையுமாறு பாடல்தோறும் வேண்டுகிறார்.

இப்பதிகம் கீழிருந்து மேல்நோக்கிய சொல்லாகும். தண்டனையின் காரணத்தை அது மறைக்கவில்லை. அதே நேரத்தில் தண்டித்தவரிடம் முறையிடும் உரிமையையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. தடுத்தாட்கொண்ட நாளில் தம்மைப் பித்தன் என்று வைத இளைஞனை, அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடச் சொன்ன தலைவர் அவர். வசையையும் கேட்கும் செவி உண்டு என்னும் நம்பிக்கையே சுந்தரரின் முறையீட்டுக்கு அடிப்படையாகும். அச்சம் நிலவும் இடத்தில் இத்தகைய முறையீடு எழுவதில்லை.

முல்லைவாயிலில் பார்வை திரும்பவில்லை. இன்று பூண்டி நீர்த்தேக்கப் பகுதியைச் சார்ந்த திருவெண்பாக்கத்தில், கோயிலில் உள்ளீரோ என்று சுந்தரர் வினவியபோது, உள்ளோம், செல்க என்னும் கருத்தில் அயலார்போல் சுருங்கிய விடை கிடைத்தது. உடன் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் திரும்பின. இவ்வரிசை முறையை அடியாரின் பக்தி வளர்ச்சியாக விளக்குவது மரபு. சங்கிலியாரை மையமாக வைத்து நோக்கின் வேறொரு பொருள் புலப்படுகிறது. முறையிட்ட அன்றே பார்வையைத் திருப்பித் தந்திருந்தால், சூளுறவு மீறப்பட்டவருக்கு நேர்ந்த இழப்பு பொருளற்றதாகியிருக்கும். பார்வையைத் தராமலே விட்டிருந்தால் தோழமை பொருளற்றதாகியிருக்கும். ஊன்றுகோல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அது தண்டனையை நீக்கவில்லை. தண்டனைக்காலத்தில் நடக்கத் துணை செய்தது. கருமம் சிதையாமல் கண்ணோடுதல் என்னும் குறட்கருத்துக்கு இதனினும் தெளிவான உருவம் காண்டல் அரிது.

இங்குச் சொல் இனியதன்று. கை கொடுத்ததே பரிவு. தவறிழைத்த பணியாளரிடம் மென்சொற்களைப் பொழிந்துவிட்டு அவரைத் தனியே விடும் முறையோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். உண்மையைச் சுருக்கமாகச் சொல்லி, திருந்தும் காலம் வரை நடக்க ஒரு கோலைக் கொடுப்பது கடினமான பரிவு. எனினும் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. சங்கிலியாரின் குரல் இப்பயணத்தில் மீண்டும் ஒலிப்பதில்லை. அவர் இழப்பு கணக்கில் கொள்ளப்பட்டது, அவர் கேட்கப்படவில்லை. குன்றத்தூர்க் காட்சியினும் இது ஒருபடி மேம்பட்டது, முழுமையானதன்று.

பேசாத கோபம்: ஓர் எதிர்ச்சான்று

பார்வை மீண்ட கதையைக் கூறும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணமே, நேரிற் பேசாமையின் விளைவையும் காட்டுகிறது. பரவையாரிடம் இறைவனைத் தூது அனுப்பிய சுந்தரர்மீது கலிக்காமர் கடுஞ்சினம் கொண்டார். அச்சினம் நியாயமற்றதன்று, சுந்தரரும் தம் பிழையை உணர்ந்து இறைவனிடம் விண்ணப்பித்தார். ஆயினும் இருவரும் முகம் நோக்கிப் பேசவில்லை. கலிக்காமரைச் சூலைநோய் பற்றியது. சுந்தரரே அதனைத் தீர்ப்பார் எனப்பட்டபோது, அவரால் குணமாவதினும் சாதல் நன்று என வயிற்றைக் கிழித்துக்கொண்டார். அது கண்டு சுந்தரரும் உயிர்விடத் துணிந்தபோதே கலிக்காமர் மீண்டெழுந்து அவர் கைவாளைப் பற்றினார். ஒருவரையொருவர் வணங்கி இருவரும் நட்புற்றனர்.

சொல்லப்படாத சொல் வயிற்றில் சூலையாகிறது என்று இக்கதையை வாசிக்க இடமுண்டு. செவிவழிச் செய்தியால் வளர்ந்த பகை, நேர்முகத்தில் ஒரு நொடியில் தீர்ந்தது. வாயுறையின் கசப்புக்கு அஞ்சி அமைதி காப்பதும் கண்ணோட்டமன்று என்பதற்கு இஃது எதிர்ச்சான்றாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. தமிழ் இலக்கண மரபு கசக்கும் சொல்லை வாழ்த்தின் வகையாகவே கொண்டது; காக்கும் நோக்கமும் பின்பயனுமே அதனை வாழ்த்தாக்குகின்றன. குறை சுட்டியவர் மாற்றைத் தருவதும் அதன் உழைப்பில் பங்கேற்பதும் குன்றத்தூர்க் காட்சியிலும் கும்பகோண நிகழ்ச்சியிலும் பொதுவாகக் காணப்படுகின்றன. ஆளைத் தாழ்த்தாமல் செயலை வரையறுப்பதும், காணப்படாத உழைப்பை நேரிற் சென்று அறிவதும் திருநின்றவூர்க் காட்சியில் வெளிப்படுகின்றன. தண்டனையை நீக்காமலே துணை நிற்கும் பரிவு முல்லைவாயிலில் தொடங்கி வெண்பாக்கத்தில் உருப்பெறுகிறது.

இவற்றினும் முதன்மையானது, இருவர் உரையாடலின் தரத்தை அவ்விருவரது மனநிறைவைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது என்பதாகும். சிந்தாமணியைப் போற்றிய சமணரும், சூளுறவு மீறப்பட்ட சங்கிலியாரும் அவ்வுரையாடல்களுக்கு வெளியே நிற்கின்றனர். தலைமையின் பரிவைப் பேசும் எழுத்துகள் இத்தகைய மூன்றாமவரைக் கருத்திற்கொள்வது குறைவு. பணியிடத்தைப் பொறுத்தவரை அம்மூன்றாமவர் ஒப்பந்தத் தொழிலாளராகவோ, அறைக்கு வெளியே காத்திருக்கும் பயிற்சியாளராகவோ இருக்கக்கூடும். பக்தி இலக்கியங்களைத் தலைமைத்துவ நோக்கில் அணுகும் ஆய்வுகள், எவர் பேசினார், எவர் கேட்டார் என்பவற்றோடு, எவரைப் பற்றிப் பேசப்பட்டது, அவர் அங்கு இருந்தாரா என்னும் வினாவையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.